சாம்பல் நிறத்தில் ஓர் ஊர்

இல்லாத ஊரிலிருந்து ஃபோன் வந்தபோது சங்கரகோமதி கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள்.

தலை பின்னால் சாய்ந்திருந்தது. இமைகளை மூடியபடியே ஸ்பீக்கரைத் தட்டினாள். சின்ன வயசுப் பெண்ணின் குரல். பின்னணியில் ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“மேப்பு ஆபீஸுங்களா?”

“ஆமாம்மா. சொல்லுங்க.”

“எம் பேரு பாண்டீஸ்வரி மேடம். ராமநாதபுரம் பக்கம், தவளையேந்தல். நாங்க இருக்கோமா இல்லையான்னு கேக்கத்தான் போன் பண்ணேன்.”

பத்து வருடம் முன்னால் என்றால் கோமதி சிரித்திருப்பாள். இப்போது மருந்து கன்னத்தில் வழிய, “புரியலையேம்மா” என்றாள்.

“எனக்கு எட்டு மாசம் மேடம். ஆம்புலன்ஸுக்கு முன்கூட்டியே பேரு பதிஞ்சு வைன்னு ஆஸ்பத்திரியில சொன்னாக. பதியப் போனா, ‘நீங்கள் குறிப்பிட்ட இடத்தில் யாரும் வசிக்கவில்லை’ன்னு ஒரு பொம்பளக் குரலு. மனுசி இல்ல, மிசினு. நான் இங்கனதான்டி நிக்கிறேன்னு கத்திப் பாத்தேன். நன்றி சொல்லிட்டு வச்சிருச்சு.”

“இப்ப எங்கேருந்து பேசறீங்க?”

“மெயின் ரோட்டுக்கு வந்து பேசுறேன். ஊருக்குள்ள டவரு செத்து ரெண்டு வருசம் ஆச்சு. வலி வந்துட்டா ரோடு வரைக்கும் என்னால நடக்க ஏலாது. போன வருசம் எங்க நாத்தனாளக் கட்டில்ல வச்சுத் தூக்கிட்டு ஓடுனாக. பாதி தூரந்தான்...” இப்போது குரலில் ஒரு மரியாதை கூடியிருந்தது. “அதான் மேடம், உங்களுக்குத் தெரியுமேன்னு கேட்டேன். நாங்க இருக்கோமா?”

கோமதி பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது.

அவள் மாநில நில வரைபட மையத்தின் தலைவி. சென்னையில் எட்டாவது மாடி. அவளுக்குக் கீழே முப்பது சொச்சம் ஊழியர்கள். ரிடையர் ஆக ஒன்றரை வருடம். மூட்டுவலிக்கு ஒரு மாத்திரை, தூக்கத்துக்கு ஒரு மாத்திரை. இரண்டுமே இப்போதெல்லாம் கேட்பதில்லை.

மற்ற வரைபடங்கள் இருக்கிற நிலத்தைக் காட்டும். இவர்களுடையது வரப்போகிற நிலத்தைக் காட்டும். பெயர் ‘முன்வரை’. செயற்கைக்கோள் படம், மின் மீட்டர், குடிநீர்க் குழாய், செல்ஃபோன் நடமாட்டம் எல்லாவற்றையும் மென்று விழுங்கிவிட்டு, அடுத்த வருடம் எந்த ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று இந்த வருடமே வரைந்து நீட்டும். அதைப் பார்த்துத்தான் பஸ் ஓடும், குழாயில் தண்ணீர் வரும், பள்ளிக்கூடம் திறக்கும். அரசுக் கட்டடங்களை மட்டும் மாதாமாதம் பார்க்கும், மின்சாரச் சிக்கனத்துக்காக. போன மாதம் கோமதியின் ஆட்கள் மூன்று பேர் சேர்ந்தாற்போல் லீவு போட, அவர்கள் பக்கத்து விளக்கையும் மின்விசிறியையும் அதுவே அணைத்துவிட்டது. ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது.

அவள் திரையில் தவளையேந்தலைத் தேடினாள். ஊர் என்றால் மஞ்சள். வயல் பச்சை. நீர் நீலம்.

தவளையேந்தல் சாம்பல் நிறத்தில் இருந்தது. காலி.

*

“தப்பா இருக்க வாய்ப்பே இல்ல மேடம்” என்றான் பாசித். முன்வரையைப் பராமரிக்கும் என்ஜினியர், கோமதிக்கு அடுத்த இடத்தில் இருப்பவன். ஆம்பூர்க்காரன். எந்த நேரமும் வாயில் எதையாவது மெல்லுவான். இன்று வேர்க்கடலை. “போன வருஷம் துல்லியம் தொண்ணூத்தொன்பது சதவீதம். அதுலயும் காலின்னு போட்ட இடம் இருக்கே, அது நூத்துக்கு நூறு. ஒண்ணுகூடத் தப்பினதில்ல.”

“ஒண்ணுகூடவா?”

“ஒண்ணுகூட.”

“அதை எப்படிப்பா சரிபார்க்கறோம்?”

“மஞ்சள் இடத்துக்கு ஆள் அனுப்பி எண்ணிப் பார்க்கறோம்.”

“சாம்பலுக்கு?”

பாசித் அவளைப் புதிதாகப் பார்த்தான். “காலி இடத்துக்கு யாரு மேடம் போவா? நீங்கதானே எனக்கு முதல் நாளே சொன்னீங்க, யாரும் இல்லாத ஊருக்கு ஜீப் எதுக்குன்னு.”

உண்மைதான். அவளுக்கு அதை அவளுடைய அதிகாரி சொல்லியிருந்தார். அவருக்கு இன்னொருவர். ஜீப்புக்கு டீசல் அளந்து ஊற்றிய காலத்தில் யாரோ ஆரம்பித்த வழக்கம். அப்போது அதில் தப்பும் இல்லை. வரைபடம் அப்போதெல்லாம் வெறும் காகிதம்.

“பின்ன எதை வச்சு நூத்துக்கு நூறுங்கற?”

“மீட்டர் மேடம். காலின்னு போட்டோம், அடுத்த வருஷம் பார்க்கறோம், கரண்ட் ஓடல, தண்ணி ஓடல, செல் நடமாட்டம் சைபர். அப்ப காலிதானே?”

“காலின்னு போட்டதும் கரண்டை யாரு நிறுத்தறது?”

“நம்ம மேப்பைப் பார்த்து அவங்களே...”

வேர்க்கடலை பாதி வழியில் நின்றது.

பாசித் மெதுவாகக் கையிலிருந்ததைக் குப்பைக் கூடையில் போட்டான்.

“மேடம், இதுக்கு நாமதான் மார்க் போடறோம். சரியா சொன்னா மார்க்கு, தப்பா சொன்னா கழிப்போம். பத்து வருஷமா அப்படித்தான் பழக்கி வச்சிருக்கோம்.” அவன் குரல் தணிந்தது. “மஞ்சள்னு சொன்னா தப்பிப்போக வாய்ப்பு இருக்கு. ஆள் போய் எண்ணுவான். சாம்பல்னு சொன்னா, எப்பவுமே முழு மார்க். ஒரு ஊரு கொஞ்சம் வாடினாப்போதும், காலின்னு அடிச்சிருது. அடிச்சதும் ஊரு காலியாயிருது. அதுக்குக் கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது மேடம். பரீட்சையில பாஸாகக் கத்துக்கிட்டிருக்கு, அவ்வளவுதான்.”

“எத்தனை ஊரு பாசித்?”

அவன் தட்டிப் பார்த்தான். மாநிலம் திரையில் விரிந்தது. மஞ்சளுக்கு நடுவே அங்கங்கே சாம்பல். தோசைக்கல்லில் கருகிய பொட்டுகள் போல.

“நானூறுக்கு மேல” என்றான்.

*

துறைச் செயலர் நந்தகோபன் நல்ல மனிதர். அதுதான் சிரமம். கோமதி சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. டீ வரவழைத்தார், சர்க்கரை இல்லாமல்.

“கோமதி, எனக்குப் புரியுது. ஆனா வெள்ளிக்கிழமை இந்த வருஷப் பதிப்பு வெளியாகணும். நீங்க கையெழுத்துப் போடலன்னா வேற யாராவது போடுவாங்க. இது உங்களுக்கும் தெரியும்.”

“சார், அங்கே ஆள் இருக்காங்க.”

“எத்தனை வீடு?”

“தெரியாது. நாங்க போய்ப் பார்த்ததே இல்லையே.”

“நேர்ல நின்னு பதியலாம்னு விதி இருக்கே. மையத்து அலுவலர் யார் வேணும்னாலும். நான் தடுக்கலையே? ஐம்பது வீடு இருந்தா ஊருன்னு பதியுங்க. ஐம்பதுக்குக் கீழன்னா...”

“தூசி” என்றாள் கோமதி.

அவர்கள் ஆபீஸ் பாஷை அது. ஐம்பது வீட்டுக்குக் குறைந்த மஞ்சள் புள்ளியை வரைபடம் ஏற்காது. சுற்றியிருக்கும் நிறத்தோடு கரைத்துவிடும். புதுப் பதிப்பு வெளியாவதற்கு முந்தின நாள் எல்லோரும் உட்கார்ந்து அதைச் செய்வார்கள். தூசி தட்டுவது என்று பெயர். அன்றைக்கு ஆபீஸில் பிரியாணி.

நந்தகோபன் கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய கண்களும் சிவந்துதான் இருந்தன. “ஒண்ணு மட்டும் சொல்றேன். நேர்ப்பதிவு உங்க சொந்தப் பொறுப்பு. பொய்ப்பதிவுன்னு நிரூபணமானா வேலையும் போகும், பென்ஷனும் போகும். ஒன்றரை வருஷம் இருக்கு உங்களுக்கு. பார்த்துப் பண்ணுங்க.”

*

மறுநாள் மத்தியானம், மெயின் ரோட்டிலிருந்து திரும்பியதும் ஆபீஸ் கார் நின்றுவிட்டது. ஓட்டுநர் இல்லாத கார்.

“சாலை முடிந்தது” என்றது அது.

எதிரே தார் ரோடு தெளிவாகவே தெரிந்தது. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் சாய்ந்து வந்து கூரை கட்டியிருந்தது. நடுவே வெள்ளைக் கோடுகூட அழியவில்லை.

“கண்ணு தெரியலையா உனக்கு?” என்றான் பாசித்.

“சாலை முடிந்தது” என்றது கார், அதே பணிவோடு.

நடந்தார்கள். கோமதியின் முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் கணக்குக் கேட்டது. முள் புடவையை இழுத்தது. வெயில் உச்சந்தலையில் உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தது. ஒரு வளைவு தாண்டியதும் புகை வாசம் வந்தது. கரிமூட்டம். கருவேல விறகை அடுக்கி, மண்ணால் மூடி, உள்ளே தீயைக் கட்டிப்போட்டிருந்தார்கள்.

மூட்டத்தின் பக்கத்தில் முகமெல்லாம் கரியாக ஒரு பெண் நின்றாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் மண்வெட்டி.

“யாரு அது?”

“மேப் ஆபீஸ்லேருந்து வர்றோம்” என்றாள் கோமதி.

அந்தப் பெண் மண்வெட்டியைத் தோளில் மாற்றிக்கொண்டு இருவரையும் நிதானமாகப் பார்த்தாள். “ஓ. எங்கள அழிச்ச ஆளுகளா. வாங்க, வாங்க. மிச்சம் மீதி இருந்தா அழிச்சுட்டுப் போகலாம்னு வந்தியளா?”

“அம்மா, நாங்க...”

“ஏய் பாண்டீசு! ஒன் மேப்புக்காரவுக வந்திருக்காகடி! நாம உசுரோட இருக்கமான்னு தொட்டுப் பாக்கணுமாம்!”

அவள் பெயர் இருளாயி. மருமகள்தான் பாண்டீஸ்வரி. கட்டில் பாதி வழியில் நின்றது இருளாயியின் மகளுக்காக. அதை அவளாகச் சொல்லவில்லை. வீட்டுச் சுவரில் மாலை போட்ட படத்தைக் கோமதி பார்த்ததைப் பார்த்துவிட்டு, “அவதான்” என்றாள். அவ்வளவுதான்.

பாண்டீஸ்வரி வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். கோமதி குடிக்கத் தயங்கினாள்.

“குடிங்க மேடம். காசு குடுத்து வாங்குனதுதான். குழாயில வந்தாத்தான பயம்.”

“மொதல்ல என்ன நின்னுது?” என்று கேட்டான் பாசித்.

“பஸ்ஸு” என்றாள் இருளாயி. “கண்டக்டரு தம்பி நல்ல பையன். அடுத்த மாசத்துலருந்து வண்டி இங்குட்டு வராது அக்கா, கம்ப்யூட்டர்ல ஊரு காலியாகப் போகுதுன்னு போட்டிருக்குன்னான். அன்னைக்கு ஊரே நெறஞ்சு கெடக்கு. நாங்க சிரிச்சோம். பஸ்ஸு நின்னதும் பள்ளிக்கூடம் போற பிள்ளைகளக் கூட்டிக்கிட்டுப் பாதிப்பேரு கெளம்பிட்டாக. பொறகு தண்ணி. பொறகு கரண்டு. ஒண்ணு நிக்க நிக்க ஒவ்வொரு தெருவாக் கழண்டுச்சு. போகணும்னு ஒருத்தரும் போகல தாயி. நிக்க முடியாமப் போனாக.”

“இப்ப எத்தனை வீட்டுல ஆள் இருக்கு?”

“பத்தொம்பது.”

தூசி. கோமதி பாசித்தைப் பார்த்தாள். பாசித் தன் செருப்பைப் பார்த்தான்.

ஊரைச் சுற்றி நடந்தார்கள். தெருக்கள் நேராக, அகலமாக இருந்தன. வீடுகளில் பல காரை வீடுகள். ஒன்றுகூட இடிந்திருக்கவில்லை. கதவு கழன்றிருக்கவில்லை. எல்லாவற்றிலும் பூட்டு. சில பூட்டுகளுக்குப் பிளாஸ்டிக் பை கட்டியிருந்தது, மழை படாமல்.

“துரு ஏறாம இருக்க எண்ணெய் யாரு போடறது?” என்று கேட்டாள் கோமதி.

“நான்தான். வேற யாரு?” இருளாயி தன் வீட்டுக்குள் போய் விளக்கில்லாத இருட்டில் எதையோ இழுத்தாள். உலோகச் சத்தம். கதவுக்குப் பின்னால் நீளமான கட்டுக்கம்பி, அதில் சாவிகள். நெருக்கமாக, திராட்சைக் குலை மாதிரி. ஒவ்வொன்றிலும் ஒரு துணி முடிச்சு. சிவப்பு, பச்சை, சேலைக் கரை, பள்ளிக்கூட யூனிஃபார்ம்.

“போறப்ப எல்லாரும் எங்கிட்டக் குடுத்துட்டுத்தான் போனாக. தண்ணி வந்தாச் சொல்லு இருளாயி, அன்னைக்கே வந்துருவோம்னாக. டவுன்ல தகரக் கொட்டாயில கெடக்குக எல்லாம்.”

“யார் சாவி எதுன்னு எப்படித் தெரியும்?”

“துணியப் பாத்தாத் தெரியாதா? ஊர்க்காரி நானு.”

கோமதி அந்தக் கம்பியைக் கையில் வாங்கினாள். கனத்தது. வாழ்நாள் முழுக்க வானத்திலிருந்து எடுத்த படங்களில் வீடுகளை எண்ணியிருக்கிறாள். வீட்டின் எடையை இன்றுதான் பார்க்கிறாள்.

ஊர் மந்தைப் பொட்டலில், ஓடாத குழாயடியில் நின்று அவள் ஆபீஸ் கருவியை எடுத்தாள். அது நேரே செயற்கைக்கோளோடு பேசும். ‘நேர்ப்பதிவு’ என்று தட்டினாள். ‘நிலவகை?’ என்றது. ‘ஊர்.’ ‘குடியிருக்கும் வீடுகள்?’

“இருளாயி அம்மா, ஊர் முழுசா இருந்தப்ப எத்தனை வீடு?”

“எரநூத்திப் பதினாலு.”

கோமதி அதைத் தட்டினாள். கருவி ஒரு விநாடி யோசித்தது. சிவப்பில் எழுத்து வந்தது. ‘மதிப்பீட்டோடு ஒத்துப்போகவில்லை. பொய்ப்பதிவு தண்டனைக்குரியது. உறுதியா?’

“மேடம்.” பாசித் குரலில் நிஜமான பயம். “பத்தொம்பது வீடு மேடம். பொய் எழுதறீங்க. விசாரணை வரும். உங்க வீட்டுக்காரருக்கும் பென்ஷன் கிடையாது, நீங்க ஒருத்தரோட சம்பளம்தான்...”

“பாசித், இந்த மேப் பத்து வருஷமா எழுதின ஒவ்வொரு பொய்யும் உண்மையாயிருக்கு.” அவள் கட்டைவிரலைத் திரைக்கு மேல் கொண்டுபோனாள். “என்னோடது ஒண்ணு ஆகட்டுமே.”

‘உறுதி’ என்பதை அழுத்தினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. காகம் ஒன்று கத்தியது. இருளாயி, “அவ்ளோதானா? இதுக்கா சென்னையிலருந்து வந்திய?” என்றாள்.

அப்போதுதான் சத்தம் கேட்டது. முள் ஒடிகிற சத்தம், தகரத்தில் கீறுகிற சத்தம். எல்லோரும் திரும்பினார்கள். கருவேலங்கிளைகளைத் தள்ளிக்கொண்டு, இரண்டு பக்கமும் பெயிண்ட் உரிந்து, ஒரு கண்ணாடி தொங்க, ஆபீஸ் கார் தானாக ஊருக்குள் வந்துகொண்டிருந்தது. நேரே மந்தைக்கு வந்து கோமதியின் முன் நின்றது.

“தவளையேந்தல்” என்றது. “வந்து சேர்ந்துவிட்டோம்.”

பாண்டீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. கோமதி தன் கருவியிலேயே ஆம்புலன்ஸ் பதிவைத் திறந்து நீட்டினாள். பாண்டீஸ்வரி விரலால் ஊர்ப் பெயரைத் தொட்டாள்.

‘முகவரி ஏற்கப்பட்டது’ என்றது அந்தப் பொம்பளக் குரல்.

“இப்பத் தெரியுதாடி நான் இங்க இருக்கேன்னு?” என்றாள் பாண்டீஸ்வரி.

*

குற்றச்சாட்டுக் குறிப்பாணை வர அதிக நாளாகவில்லை. இரவில் எடுத்த படத்தில் அந்த ஊரில் நாலைந்து மினுக்கல்தான் இருந்தது. பதிவில் இருநூற்றுப் பதினாலு வீடு. கணினியே முரண்பாட்டைக் கண்டுபிடித்து மேலே அனுப்பியிருந்தது. கோமதியின் பதிவு உரிமை முடக்கப்பட்டது. அவளும் தற்காலிகமாக நீக்கப்பட்டாள். அவள் இடத்தில் பாசித்.

ஆனால் விசாரணை முடியும்வரை பதிவு நீடிக்கும் என்பது விதி. விசாரணை அதிகாரி நியமிக்கப்பட்டு, மாற்றப்பட்டு, மறுபடி நியமிக்கப்பட்டு, பயணப்படி அனுமதியாகி, தவளையேந்தல் போய்ச் சேர முக்கால் வருடம் பிடித்தது. அரசாங்கத்தின் மந்தம் கோமதிக்கு வாழ்க்கையில் முதல்முறையாக உதவியது.

அந்த முக்கால் வருடத்தில் துறைகள் எதையும் யோசிக்கவில்லை. வரைபடத்தில் இருநூற்றுப் பதினாலு வீடு இருந்தது. ஆகவே கம்பத்தில் மின்சாரம் வந்தது. குழாயில் தண்ணீர் வந்தது, முதலில் செம்மண் நிறத்தில், பிறகு தெளிவாக. பஸ் வந்தது. அதற்கெல்லாம் முன்னால், ஐப்பசி மழை கொட்டிய ஒரு காலையில், ஆம்புலன்ஸ் வந்தது. பெண் குழந்தை. டவர் உயிர் பெற்றதும் பாண்டீஸ்வரி இந்த முறை ஊருக்குள்ளிருந்தே ஃபோன் செய்தாள். “மேடம், இவ பேரயும் பதியணும். முகவரி கேட்டாக. கெத்தாச் சொன்னேன்!”

இருளாயியின் கம்பியில் சாவிகள் குறைந்துகொண்டே வந்தன.

விசாரணை அதிகாரி வீடு வீடாக எண்ணிவிட்டு எழுதினார்: பதிவு சரி. குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை.

நந்தகோபன் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். “தப்பிச்சீங்க” என்றார், டீயை நகர்த்தி. “நீங்க பதிஞ்ச அன்னைக்கு அங்கே எத்தனை வீடு இருந்துதுன்னு நான் கேட்கப் போறதில்ல.”

“நன்றி சார். மத்த நானூறு ஊருக்கு ஆள் அனுப்பணும்.”

“கேட்டுப் பார்த்தேன். காலியான இடத்துக்குப் பயணப்படி கிடையாதுன்னு நிதித்துறை திருப்பிருச்சு.” அவர் ஜன்னலைப் பார்த்தார். “இன்னொண்ணு. இந்த வருஷம் முன்வரையோட துல்லியம் இன்னும் கூடியிருக்காம். தவளையேந்தலையும் அது சரியாச் சொன்னதாத்தான் கணக்கு. விருது குடுக்கறாங்க.”

“யாருக்கு சார்?”

“அதுக்குத்தான்.”

கோமதிக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். எழுந்தபோது அவர் பின்னாலிருந்து சொன்னார், “திங்கட்கிழமை சேர்ந்துடுங்க. பதிவு உரிமை மட்டும் இப்போதைக்கு வேண்டாம்னு மேலே சொல்றாங்க.”

*

திங்கட்கிழமை காலை லிஃப்டில் எட்டு என்ற பொத்தானை அழுத்தினாள். எரியவில்லை.

“அது போவாது மேடம்” என்றார் வாட்ச்மேன் சேவியர். “எட்டாவது மாடில யாரும் இல்லன்னு சொல்லுது. தண்ணிக் கேன்காரன்கூட வர்றதில்ல.”

“யாரும் இல்லையா? என் ஆளுங்க எங்கே?”

“யாருக்குத் தெரியும்? ஒரு மாசமா ஒரு ஆளக் காணோம். லீவுன்னாங்க. மூட்டை முடிச்சோட போனாங்க. அந்த பாசித் சார் ஒரு கூடை வேர்க்கடலை வாங்கினு போனாரு.”

எட்டு மாடி ஏறினாள். ஒவ்வொரு மாடியிலும் நின்று கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கினாள். கதவைத் தள்ளினால் உள்ளே புழுக்கம், இருட்டு. விளக்கைத் தட்டினாள். எரியவில்லை. நாற்காலிகள் ஒழுங்காக மேஜைக்குள் தள்ளியிருந்தன. யாரோ தொட்டிச் செடிகளைக்கூட எடுத்துப் போயிருந்தார்கள்.

கைக்கருவியில் முன்வரையைத் திறந்தாள். சென்னை. இந்தத் தெரு. இந்தக் கட்டடம். எட்டாவது மாடியின் மேல் விரலை வைத்தாள்.

சாம்பல் நிறம். காலி.

அவள் மெல்ல விரல்களைக் குவித்துப் படத்தைச் சிறிதாக்கினாள். மாவட்டம், பிறகு மாநிலம் தெரிந்தது. கருகிய பொட்டுகளை அவள் மனப்பாடமாக அறிவாள். தேடினாள். கொல்லிமலைச் சரிவில் ஒன்று மஞ்சளாக இருந்தது. கடலோரத்தில் இரண்டு. தேனிப் பக்கம் ஒன்று. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜவ்வாது மலையில் ஒன்று மஞ்சளாக மாறியது.

ஃபோன் அடித்தது. காற்றுச் சத்தத்துக்கு நடுவே பாசித்.

“மேடம், சேர்ந்தாச்சா? மன்னிச்சுக்கோங்க, சொல்லாம வந்துட்டோம். சொன்னா உங்களுக்கு மறுபடி குறிப்பாணை வரும். ஆளுக்கு ஒரு ஊரு. லீவ் முடிஞ்சா நீட்டிக்கிட்டு அடுத்த ஊரு. பயணப்படி இல்லன்னா என்ன, பஸ் இல்லாத ஊருக்கு டிக்கெட்டும் இல்ல.”

“அங்கே எத்தனை வீடு பாசித்?”

“முப்பத்தொண்ணு.”

“என்னன்னு போட்டே?”

வேர்க்கடலையை மென்றுகொண்டே சொன்னான். “பழைய கணக்கு என்னன்னு கேட்டுத்தான் போட்டேன் மேடம். இங்கேயும் ஒருத்தர் சாவியெல்லாம் வச்சிருக்காரு. எல்லா ஊர்லயும் யாராவது ஒருத்தர் வச்சிருக்காங்க.”

கோமதி சுவரில் சாய்ந்துகொண்டாள். வியர்வை கழுத்தில் இறங்கியது. ரிடையர் ஆக இன்னும் முக்கால் வருடம்கூட இல்லை. அவளுக்குப் பதிவு உரிமை கிடையாது. ஆனால் மலைக் கிராமத்தில் ஒரு ஓடாத குழாயடியில், கருவியை உயர்த்தத் தயங்கும் ஒரு புது ஊழியன் பக்கத்தில் போய் நிற்பதற்கு உரிமை எதுவும் வேண்டியதில்லை.

“எனக்கு ஒரு ஊரு மிச்சம் வச்சிருக்கீங்களா?”

“நானூறு இருக்கு மேடம். முழங்காலுக்குத் தோதா சமவெளியில ஒண்ணு பார்க்கட்டுமா?”

கைப்பையில் கண் மருந்து இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். வெளியே வந்து ஆபீஸ் கதவைப் பூட்டினாள். புடவைத் தலைப்பில் தொங்கிய ஒரு நூலைப் பிய்த்துச் சாவியில் முடிச்சுப் போட்டாள். எட்டு மாடியும் இறங்கி, அதைச் சேவியர் கையில் வைத்தாள்.

“என்ன மேடம், ஆபீஸ காலி பண்ணிட்டீங்களா?”

“இல்ல சேவியர்” என்றாள் கோமதி. “யாராவது கேட்டா, இருக்கோம்னு சொல்லுங்க.”